வெறிவிலக்கும் அறத்தொடு நிலையும்: பொருள்பெற்று நோய் தீர்ப்பார் பற்றிய ஐயம்

1. சிக்கல்

சங்க அகப்பாடல்களில் வரும் வேலன் வெறியாட்டினைப் பற்றி இருவேறு கொள்கைகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. ஒரு சாரார், வேலனைத் தோழி எள்ளுவதைக் கண்டு, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் மந்திர மருத்துவத்தை மறுத்த பகுத்தறிவாளர் என்று பெருமிதம் கொள்வர். மற்றொரு சாரார், அவ்வெள்ளல் அகத்திணை நாடகத்திற்கு வேண்டிய ஓர் உத்தியேயன்றி வேறன்று என்றும், பாடிய புலவர் முருகனை வழிபட்டவரே என்றும் கூறி அமைவர். இவ்விரு கொள்கைகளும் பாடல்களை ஒரு பக்கமாகவே நோக்குகின்றன என்பது நம் கருத்து. வேலனை ஐயுறும் பாடல்கள் எதனை ஐயுறுகின்றன, எதனை ஐயுறவில்லை என்பதை வரையறுத்தாலன்றி இச்சிக்கல் தீராது.

இவ்வரையறை ஏட்டாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. அருள்வாக்கு உரைத்தும், மந்திரித்தும், தாயத்துக் கட்டியும், செய்வினை எடுப்பதாகச் சொல்லியும் நோய் தீர்ப்பதாகக் கூறி, அதற்கு விலை பெறுவோர் இன்றும் உளர். அவர்மீது பொதுமக்கள் கொள்ளும் ஐயமும் இன்று உளது. அவ்வையம் எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு நம் இலக்கியம் ஓர் அளவுகோல் தருகின்றதா என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலி நகரியத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றோம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் நேருவினால் சுரங்கப்பணி தொடங்கப்பெற்று, வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்ட ஊர் இது. நிலத்தைத் துளையிட்டு ஆய்ந்து, கீழே உள்ள நீரின் அழுத்தத்தை அளந்து, அந்நீரை இடையறாது இறைத்த பின்னரே இங்கே நிலக்கரியைத் தொட முடியும். அளவையின்மேல் நிற்கும் ஊர் என்று இதனைக் கூறலாம். எனினும், பகலெல்லாம் கருவியின் முள்ளைப் பார்த்துப் பணி செய்வார் வீட்டிலும் மருந்துக்கு அடங்காத நோய் வருதல் உண்டு. அப்பொழுது மனம் நாடும் இடங்கள் பல. ஆகவே, நம்பிக்கையும் அளவையும் இரு வேறு மக்களுக்கு உரியன என்று பிரித்துப் பேசுதல் பொருந்தாது. அவை ஒரே வீட்டில், ஒரே நெஞ்சில் வாழ்வன. சங்கப் பாடல்களும் இவ்வுண்மையை அறிந்திருந்தன.

2. நோயாளி உள்ள வெறியும் இல்லாத வெறியும்

வெறியாட்டு என்பது ஒன்றன்று, இரண்டு. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் காட்டும் வெறியைக் காண்க. களம் அணிசெய்யப்படுகின்றது, தினையும் மலரும் குருதியும் தூவப்படுகின்றன, குறமகள் முருகனை வரவழைக்கின்றாள். ஆங்கு ஐயத்தின் நிழலும் இல்லை. அங்கே நோயாளி எவரும் இல்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். அது வழிபாடு, ஒரு நோயின் காரணத்தைக் கண்டு சொல்லும் பொறுப்பு அதற்கு இல்லை.

அகப்பாடல்களில் வரும் வெறியோ மருத்துவமாகப் புகுகின்றது. தலைவி மெலிகின்றாள், பசப்பு ஊர்கின்றது, வளை நெகிழ்கின்றது. தாய் அஞ்சுகின்றாள். கட்டும் கழங்கும் கொண்டு காரணம் ஆராயப்படுகின்றது. இது முருகனால் நேர்ந்த வருத்தம் என்று முடிவு கூறப்படுகின்றது. வேலன் வருகின்றான், மறி அறுபடுகின்றது. ஐயம் பிறப்பது இந்த இடத்திலேதான். ஆகவே, அகப்பாடல்களின் ஐயம் கடவுள் உளனா என்னும் ஐயமன்று. கடவுளை வழிபடலாமா என்னும் ஐயமும் அன்று. நோயின் காரணம் இதுவே என்று ஒருவன் துணிந்து கூறும் கூற்றின் மீதுள்ள ஐயமே அது. நோய்நாடல் பிழைத்தது என்பதே வழக்கு.

குறுந்தொகை 362-ஆம் பாட்டில் வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனார் படைக்கும் தோழி, வேலனைச் சினந்து விரட்டவில்லை. ஒரு வினாவே வினவுகின்றாள். பல நிறச் சோற்றுடன் சிறு மறியைக் கொன்று, இவள் நெற்றியைத் தடவி முருகனை வணங்குகின்றாய்; இவளை வருத்தியவனோ மலைநாட்டுத் தலைவன்; அவன் மார்பும் இப்பலியை உண்ணுமோ என்பது அவ்வினாவின் கருத்து. மருந்து தவறு என்று அவள் கூறவில்லை. மருந்து சென்று சேரும் முகவரி தவறு என்கின்றாள். தீன்மதிநாகனார் பாடிய 111-ஆம் குறுந்தொகைப் பாட்டில், தலைவன் சிறிது நேரம் வந்து நின்று இந்நகைப்பைக் காணட்டும் என்று தோழி விரும்புகின்றாள். உண்மைக் காரணம் வாயிலில் நிற்க, பொய்க்காரணத்திற்கு உள்ளே பூசை நடக்கும் நிலைதான் அந்நகைப்பு.

நற்றிணை 34-இல் பிரமசாரி என்னும் புலவர் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றார். இந்நோய் தன்னால் வந்ததன்று என்று அறிந்திருந்தும் வேலன் அழைத்தான் என்பதற்காக வெறிக்களத்திற்கு வந்த முருகனையே தோழி மடவன் என்கின்றாள். சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையிலும் இக்கருத்து விளையாட்டாக வருகின்றது: வெறியாட வந்த வேலன் அறியாதவன், அவன் அழைக்க இறங்கி வருவானாயின் முருகன் அவனினும் அறியாதவன். இது நாத்திகம் அன்று. கடவுளோடு உரிமை கொண்டாடும் மக்களின் பேச்சு. கடவுளின் பெயரைத் தவறான நோய்க்குப் பயன்படுத்துவோர் கடவுளையே இழிவுபடுத்துகின்றனர் என்பது இந்நகையின் உட்கிடை. பத்தியுடையார் இதனைத் தம் சார்பான சான்றாகவே கொள்ளலாம்.

3. இரு பாடல்கள், ஒரு தேர்வு

வெறியினைப் பாடியமையாலேயே பெயர்பெற்றவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அகநானூற்றில் 22, 98 ஆகிய இரு பாடல்களும் அவருடையன. இவற்றைத் தனித்தனியே சுவைப்பாரே பலர். ஒருசேர வைத்துக் காணின், நோய் தீர்ப்பார் கூற்றைத் தேர்ந்தறியும் முறை ஒன்று அவற்றில் அமைந்திருத்தல் புலனாகும்.

22-ஆம் பாட்டில் முதுபெண்டிர் சொற்படி வெறிக்களம் அமைகின்றது. அதே நள்ளிரவில் காவலர் அறியாது தலைவன் வருகின்றான். தலைவியின் நோய் தணிகின்றது. அவள் நகைக்கின்றாள். என்னை? நோய் தீர்ந்தது உண்மை. வெறியாடியதும் உண்மை. வெறியாடியதற்குப் பின் நோய் தீர்ந்ததும் உண்மை. ஆயினும், வெறியாடியதால் நோய் தீரவில்லை. இவ்வுண்மையை அறிந்தவள் ஒருத்தியே, அவள் நோயாளி. புறத்தே நின்று காணும் தாய்க்கோ வேலனின் வெற்றிக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததைக் கொண்டு ஒன்றனால் ஒன்று நிகழ்ந்தது என முடிவு கட்டும் பிழையை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டினை அளவை நூல்களிற் காண்டல் அரிது.

98-ஆம் பாட்டில் வெறி இன்னும் நிகழவில்லை. நிகழ்ந்தால் என்னாகும் என்று தலைவி எண்ணுகின்றாள். வேலன் ஆடிய பின்னும் மேனி பழைய அழகு பெறாதாயின், மறைந்த காதல் ஊரறிய அலராகும். அவ்வாறின்றி முருகன் இரங்கி நோயைத் தீர்த்துவிட்டால், இவள் துன்பம் வேறு காரணத்தால் வந்தது போலும் என்று தலைவன் கருதுவான். அது உயிர் வாழ்தலினும் அரிதாகிய நிலை. தோற்றாலும் கேடு, வென்றாலும் கேடு. ஆடும் வேலனையோ, வல்லவன் ஒருவன் இயக்கும் பாவையோடு ஒப்பிடுகின்றார் புலவர். வேலனுக்கு எந்த முடிவிலும் இழப்பில்லை. இழப்பு முழுவதும் நோயாளியின் பக்கமே நிற்கின்றது.

வெற்றி வரின் புகழ் தீர்ப்பவனுக்கு. தோல்வி வரின் துன்பம் நோயாளிக்கு. இச்சமனின்மையே வெறியாட்டுப் பாடல்கள் நமக்கு விட்டுச்சென்ற முதன்மையான கண்டுபிடிப்பு எனலாம். பொருள் பெற்று நோய் தீர்ப்பார் பற்றி இன்று எழும் வழக்குகளின் உள்ளீடும் இதுவே. குணமானால் அருள், குணமாகாவிடின் வந்தவருக்கு நம்பிக்கை போதாது, அல்லது தோஷம் பெரிது, அல்லது இன்னும் ஒரு பூசை வேண்டும். தோல்வியைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளாத கணக்கன் என்றும் ஆதாயத்திலேயே இருப்பான்.

4. பொய்யாக் கழங்கு

ஐங்குறுநூற்றுக் குறிஞ்சியில் கபிலர் பாடிய வெறிப்பத்து 241 முதல் 250 வரையுள்ள பத்துப் பாடல்களைக் கொண்டது. அதன் இறுதிப் பாட்டு வேலனை விளிக்கவில்லை; கழங்கை விளிக்கின்றது. பொய்த்தல் அறியாத கழங்கே என்று அழைத்து, இவளை வருத்தியவன் முருகன் அல்லன், இக்கானத்துக்குரிய தலைவனே என்று தோழி உண்மையை உரைக்கின்றாள். இது வஞ்சப்புகழ்ச்சி என்று கொள்வாரும் உளராகலாம். நாம் வேறு ஒன்று காண்கின்றோம். கழங்கு ஒரு விதை, அது பொய் கூறாது, மெய்யும் கூறாது. விழுந்த கழங்கிலிருந்து காரணத்தைப் படிப்பவன் மனிதன். ஆதலின் பிழை கருவியினிடம் இல்லை. கருவியின் பெயரால் பேசுவோனிடம் உள்ளது. தோழி கழங்கோடு நேரே பேசுவதன் மூலம் இடைநின்ற வேலனை விலக்கிவிடுகின்றாள்.

கருவியையும் அதனைப் படிப்பவனையும் பிரித்துக் காணும் இக்கூர்மை எக்காலத்திற்கும் வேண்டுவது. 1986-இல் அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்னும் சமயப் பரப்புநர், கூட்டத்தில் அமர்ந்திருப்போரின் பெயரையும் நோயையும் இறைவன் அறிவித்ததாகச் சொல்லி வந்தார். ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக் கலைஞர், அப்பேச்சாளர் காதில் சிறு வானொலிக் கருவி இருந்ததையும், வந்தோர் முன்னரே எழுதிக் கொடுத்த செய்திகளை அவர்தம் மனைவி அதன்வழி ஓதியதையும் பதிவு செய்து தொலைக்காட்சியில் வெளிப்படுத்தினார். கழங்கு மாறியது, வேலன் மாறவில்லை. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமற்ற நிலையில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோர்க்கு ஓர் இலட்சம் உரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார். 1978-இல் அவர் மறையும்வரை அப்பரிசை எவரும் பெற்றாரில்லை. பொருளைப் பெற்று அற்புதம் செய்வோர், அற்புதம் செய்து பொருளைப் பெற வருமாறு அழைத்தபொழுது வரவில்லை.

5. சேக்கிழார் காட்டும் தேர்வு

வேலனை ஐயுற்ற இலக்கியம், திருநீற்றால் நோய் தீர்ந்த வரலாற்றையும் பாடியுள்ளது. இதனை மறைத்துவிட்டுப் பேசுதல் ஆராய்ச்சி நேர்மையாகாது. அவ்வரலாறுகளுள் தலையாயது நம் கடலூர் மாவட்டத்து மண்ணிலேயே நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறுகின்றது. பாடலிபுரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளியில் இருந்த தருமசேனரைச் சூலைநோய் பற்றுகின்றது. பள்ளியிலுள்ளார் மந்திரித்த நீரைப் பருகச் செய்கின்றனர், மயிற்பீலியால் தடவுகின்றனர், நோய் தணியவில்லை. அவர் திருவதிகைக்குத் தம் தமக்கையார் திலகவதியாரிடம் வருகின்றார்; திருநீறு பெற்று, கோயில் புகுந்து பாட, நோய் நீங்குகின்றது.

மதுரையில் நின்றசீர் நெடுமாறனின் வெப்புநோய் தீர்ந்த வரலாறு இன்னும் கருதத்தக்கது. அங்கே மன்னனின் உடலே இரு கூறாகப் பிரிக்கப்படுகின்றது. இடப்பாகம் சமணருக்கு, வலப்பாகம் திருஞானசம்பந்தருக்கு. ஒரே நோய், ஒரே உடல், ஒரே பொழுது, இருவேறு முறைகள். வலப்பாகம் குளிர்ந்தது, இடப்பாகம் கொதித்தது என்பர் சேக்கிழார். வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்ததா என்பது இங்கு நம் ஆராய்ச்சி அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழர் அமைச்சராக விளங்கிய ஒருவர், அற்புதத்தை நம்பச் செய்வதற்கு ஒப்பீட்டுத் தேர்வு வேண்டும் என்று கருதினார் என்பதே நமக்கு வேண்டுவது. நம்புக என்று மட்டும் அவர் கூறவில்லை. காண்க என்றும் கூறினார்.

எனினும், ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேக்கிழாரின் தேர்வு சமணரின் மந்திரத்தை மட்டுமே தோற்கடிக்கின்றது. திருநீறு பயன்படாது போன ஒரு நோயாளி அந்நூலின் தேர்வுக்களத்திற்கு வருவதில்லை. பிறர் சமயத்து வேலனை ஐயுறுதல் எளிது. தன் வீட்டு வேலனை ஐயுறுதலே அரிது. தோழியின் ஐயம் இவ்வகையிற் பெரிது. அவள் ஐயுற்றது தன் மலைக்கடவுளின் பெயரால் வந்தவனை. இன்று பொதுமேடையில் எழும் ஐயங்கள் பலவும் அயற்சமயத்தாரின் கூட்டத்தைக் கண்டு எழுவன. அவற்றை ஐயம் எனல் சாலாது. பகை எனலே பொருந்தும்.

ஆயினும், இவ்வரலாறுகளில் ஓர் ஒற்றுமை உண்டு. திலகவதியார் விலை கேட்கவில்லை. சம்பந்தர் நோய்க்கு ஊதியம் பேசவில்லை. இலக்கியம் உடன்பட்டு ஏற்ற அருள்மருத்துவம் அனைத்தும் விலையற்றது. இவ்விடத்தில் பொருள் பற்றிய வினா எழுகின்றது.

6. காணிக்கை, நேர்த்தி, கட்டணம்

பொருள் பெறுதல் குற்றமாயின் மருத்துவரும் பொருள் பெறுகின்றனரே என்பர் சிலர். இவ்வெதிர்வாதம் வலிமையுடையது, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நால்வகைக் கூறுகளை எண்ணுகின்றார். மருத்துவன் அவற்றுள் ஒரு கூறு, முழுமையன்று. அதற்கு முன்னரே, நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்து செய்தல் வேண்டும் என்று மருத்துவன்மேற் கடமை சுமத்திவிடுகின்றார். கட்டணம் பெறும் மருத்துவன் கடமையையும் பெறுகின்றான். தவறிழைப்பின் அவனை வினவ இடமுண்டு. கட்டணம் என்பது இருபுறமும் கட்டும் கயிறு.

அருளின் பெயரால் கட்டணம் பெறுவோன் அக்கயிற்றின் ஒரு முனையை மட்டுமே பிடித்துக்கொள்கின்றான். பெறும்பொழுது அது தொழிலாகின்றது. வினவும்பொழுது அது தெய்வச் செயலாகின்றது. குற்றம் பொருள் பெறுதலில் இல்லை. பொருளைப் பெற்றுக்கொண்டு பொறுப்பைத் தெய்வத்தின் தலையில் வைத்தலில் உள்ளது.

இதனை நேர்த்திக்கடனோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும். நெய்வேலி நகரியத்தில் வில்லுடையான்பட்டு என்னும் இடத்தில் வில்லேந்திய முருகன் கோயில் உள்ளது. பங்குனி உத்திரத்தன்று காவடியும் பாற்குடமும் ஏந்தி மக்கள் வெள்ளமாகச் சேர்வர். அவர்களும் செலவு செய்கின்றனர். நோய் தீர வேண்டிக்கொண்டவரும் அவருள் உளர். ஆனால் நேர்த்தியின் இயல்பு வேறு. என்ன தருவது என்று வேண்டுவோரே உறுதி செய்கின்றனர். கேட்டது கிடைத்த பின்னரே செலுத்துவது பெருவழக்கு. நடுவில் நின்று, இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று எவரும் விலை குறிப்பதில்லை. பயன் வரும்முன் விலை பெறுவது கட்டணம்; பயன் வந்தபின் நன்றி செலுத்துவது நேர்த்தி. இரண்டையும் பத்தி என்னும் ஒரே பெயரால் வழங்குவோர், வாங்குவோனைக் காப்பாற்றுகின்றனர்.

நெய்வேலிக்கு அணித்தாகிய வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்னும் பிணியைத் தீர்ப்பதற்கு அங்கே விலை இல்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அருளாளர் என்று உலகம் கொண்டாடிய ஒருவர், கண்ணுக்குத் தெரிந்த நோய்க்குக் கண்ணுக்குத் தெரிந்த மருந்தை விலையின்றி வழங்க ஏற்பாடு செய்தார். அருளுக்கும் கட்டணத்திற்கும் உள்ள தொலைவை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இப்பகுதியார்க்கு வேண்டா.

திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்னும் கதையில் இச்சிக்கலைத் தலைகீழாக்கிக் காட்டினார். சென்னைக்கு வந்த கடவுள், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையிடம் அகப்பட்டு, அப்பத்திரிகைக்கு ஆயுட் சந்தா கட்டுகின்றார். கடவுளின் பெயரால் மனிதன் மனிதனிடம் பெறும் உலகில், கடவுளிடமே பெறும் ஒருவனைப் படைத்தது அங்கதத்தின் உச்சம். ஆயினும் கந்தசாமிப் பிள்ளையைக் கயவனாக அவர் தீட்டவில்லை. வாழ்க்கை நெருக்கடியில் உழலும் நடுத்தர மனிதனாகவே தீட்டினார். விற்பவனும் வறுமையின் பிள்ளை என்பதை மறவாத அங்கதமே நிலைபெறும்.

7. ஏர்வாடி கற்பிக்கும் பாடம்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். தர்காவின் அருளால் மனநோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு உறவினர் அழைத்து வந்தவர்கள் அவர்கள். தர்கா வேறு, அதனைச் சூழத் தனியார் பணம் பெற்று நடத்திய காப்பகங்கள் வேறு. நம்பிக்கை ஓரிடத்தில் இருந்தது. வாணிகம் அதன் நிழலில் நடந்தது. இவ்வேறுபாட்டைக் காணாது, ஒரு சமயத்தின் மேல் பழி போட்டோரும் தவறினர். காணிக்கையும் கட்டணமும் ஒன்றே என்றோரும் தவறினர்.

வெறியாட்டுப் பாடல்களைக் கற்றவர்க்கு இந்நிகழ்ச்சியில் வேறொன்றும் புலப்படும். அகப்பாடல்களில் தாய் முதுபெண்டிரை வினவுகின்றாள், கட்டுவிச்சியை வினவுகின்றாள், வேலனை வினவுகின்றாள். மகளிடம் மட்டும் உண்மை கேட்டறியும் வாயில் அடைபட்டிருக்கின்றது. நாணம் மகளின் வாயை அடைக்கின்றது. அலர் பற்றிய அச்சம் வீட்டின் வாயை அடைக்கின்றது. அவ்விரு மௌனங்களுக்கு இடையே வேலன் நுழைகின்றான். ஏர்வாடியிலும் நோயாளியின் சொல்லைக் கேட்பாரில்லை. மனநோய் என்று வெளியே சொல்ல நாணிய குடும்பங்கள், பேய் என்று சொல்ல நாணவில்லை. நாணம் உள்ள இடத்தில் நோய்க்கு வேறு பெயர் தருவோனுக்கு விலை உண்டு. அவன் விற்பது மருந்தன்று, பெயர்.

ஆகவே, விலை கொடுப்போரை மூடர் என்று இகழ்ந்து அமையும் ஐயம் பயனற்றது. மயங்கிய தாயரின் அறியாமையை அகப்பாடல்கள் சுட்டுவது உண்மையே. ஆயின் அத்தாயரின் அன்பை அவை எள்ளவில்லை. மறியும் தினையும் மலரும் தேடிக் களம் இழைப்பவள், மகளை இழக்க அஞ்சுபவள். மருத்துவமனை தொலைவில் உள்ளவர், அங்கே ஒருமுறை சென்று கடுஞ்சொற் கேட்டவர், மருந்துக்குப் பின்னும் நோய் தணியாதவர், தீராது என்று கைவிடப்பட்டவர் ஆகியோரே பெரும்பாலும் விலை கொடுக்கின்றனர். அவர் வாங்குவதில் ஒரு பகுதி, தம் துன்பத்தை ஒருவர் அமர்ந்து கேட்டார் என்னும் ஆறுதல். அவ்வாறுதலைப் பொய் என்று கூற நாம் துணியோம். ஆறுதலைத் தீர்வு என்று பெயரிட்டு விற்பதையே மறுக்கின்றோம்.

8. விலக்கிய பின் என்ன?

நம் பொருளிலக்கணம் இங்கு அரியதொரு வழி காட்டுகின்றது. தோழி வெறியை நிறுத்துதல் வெறிவிலக்கு எனப்படும். ஆனால் வெறிவிலக்கு தன்னளவில் முடிந்த துறையாக நிற்பதில்லை. அது அறத்தொடு நிலைக்கு வாயிலாகின்றது. வேலனை நிறுத்திய தோழி, மகளின் நோய்க்கு உண்மைக் காரணம் இதுவென வெளிப்படுத்தும் கடப்பாட்டினையும் ஏற்கின்றாள். வேலன் வந்தது பொய் என்று சொல்லிவிட்டு, நோயாளியை நோயோடு விட்டு அகல்வதற்கு இலக்கணம் இடந்தரவில்லை. ஐயுறுவது பாதி அறம். ஐயுற்ற பின் உண்மை உரைத்து நோயாளிக்கு வழி செய்வது மறுபாதி.

இவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு நம் காலத்துச் செயல்களை நோக்குவோம். 1954-இல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கியது. அது விளம்பரத்தை விலக்கியது. வெறிவிலக்கின் ஒரு கூறு அது. ஏர்வாடித் தீக்குப் பின் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன, அதுவும் வெறிவிலக்கே. உச்சநீதிமன்றம் அவ்வழக்கினைத் தானே மேற்கொண்டு, மாநிலங்கள் மனநல மருத்துவ ஏற்பாடுகளைச் செய்தல் வேண்டும் என்று 2002-இல் பணித்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் பிணிப்பதை எவ்வடிவிலும் தடை செய்ததோடு, மனநல மருத்துவம் பெறுதலை உரிமையாகவும் ஆக்கியது. இவை அறத்தொடு நிலையை நோக்கிய நடை. சட்டநூலில் எழுதிய உரிமை, ஒரு சிற்றூரில் நோயுற்றவர் வாயிலுக்கு வந்து சேரும் நாளிலேயே அந்நடை முற்றுப்பெறும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய சிக்கலுக்கு விடை கூறலாம். வெறியாட்டுப் பாடல்கள் சமயத்தை மறுத்த பகுத்தறிவுப் பாடல்கள் அல்ல; வெறும் நாடக உத்தியும் அல்ல. நோயின் காரணத்தை அறிந்தவர் பேசாதிருக்க, அறியாதவர் பேசி ஊதியமும் புகழும் பெறும் நிலையை அவை வழக்குக்கு இழுக்கின்றன. அவற்றின் ஐயம் நோயாளியின் பக்கம் நின்று எழும் ஐயம். இக்காரணத்தால், முருகனை வணங்குவோரும் அதனை ஏற்கலாம், வணங்காதோரும் ஏற்கலாம்.

முதுகலை மாணவர் இத்துறைப் பாடல்களைப் பயிலும்பொழுது, வேலன் கூற்று, தோழி கூற்று, தலைவி கூற்று எனப் பகுத்தெழுதி அமைகின்றனர். அப்பகுப்போடு மூன்று வினாக்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இந்நோயின் காரணத்தைக் கூறியவர் யார்? தீராவிடின் இழப்பு யாருக்கு? நோயாளியை எவரேனும் கேட்டனரா? இம்மூன்றையும் அகநானூற்று 98-ஆம் பாட்டினிடம் கேட்டுப் பழகியவர், தெருச் சுவரில் ஒட்டப்பட்ட அருள்வாக்கு விளம்பரத்தினிடமும் கேட்பர். மருத்துவமனையின் கட்டணச் சீட்டினிடமும் கேட்பர். இலக்கியப் பயிற்சியின் பயன் அதுவே.